பதினைந்தோடு நின்ற எண்ணிக்கை

கிணற்றுக்குள் கிடந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே மூன்று ஆள் உயரத்துக்குப் பாறைச் சுவர். அதற்கும் மேலே சதுரமாகக் கொஞ்சம் வானம். நான் அங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. இங்கேயே செத்தால் என்னை யாரும் தேடக்கூட மாட்டார்கள் என்ற நினைப்பு வந்தது. சாவைவிட அந்த நினைப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

நம் மாரியம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். போன ஆடித் திருவிழாவில் கோயில் பிள்ளைகள் என் கையில் மைக்கைக் கொடுத்து, "அம்மா ஒங்களுக்கு செஞ்சத சொல்லுங்கண்ணே" என்றார்கள். வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏழுமலை. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். மரவள்ளி போடுகிறோம். பன்னிரண்டாவது வரைதான் எனக்குப் படிப்பு. கல்லூரியில் சேர்ந்தேன், முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே வரும்.

எனக்குக் கூடைப்பந்து என்று ஒரு விளையாட்டு இருப்பதே கள்ளக்குறிச்சிக்குப் படிக்கப் போன பிறகுதான் தெரியும். விடுதிக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம் இருந்தது. காலையில் பையன்கள் ஆடுவார்கள். நான் வேலியோரம் நின்று பார்ப்பேன். பந்து வெளியே வந்தால் ஓடி எடுத்துப் போடுவேன். ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் விளையாட்டு ஆசிரியர் கூப்பிட்டார். அவரை எல்லோரும் பி.டி. சார் என்பார்கள்.

"டேய், தெனமும் சும்மா நிக்கிறதுக்கு உள்ள வந்து நில்லு. பேரு இன்னா?"

சொன்னேன். மறுநாளே மறந்துவிட்டார்.

அந்த அணியில் பன்னிரண்டு பேர். எல்லோரும் விளையாட்டுக் கோட்டாவில் இடம் வாங்கி வந்தவர்கள். அவர்களுக்குச் சீருடை உண்டு, கேன்வாஸ் ஷூ உண்டு, பயிற்சி முடிந்ததும் விடுதி மெஸ்ஸில் பாலும் அவித்த முட்டையும் உண்டு. என்னைப் போலத் தானாகப் போய் ஒட்டிக்கொண்டவனுக்கு ஒரு பெயர்தான் உண்டு: எக்ஸ்ட்ரா. மாற்று ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்று ஆட்டக்காரனும் அந்தப் பன்னிரண்டில் ஒருவன். எக்ஸ்ட்ரா அதற்கு வெளியே. என்னோடு வேறு இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். வெயில் தாங்காமல் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் இருந்தேன்.

விடிவதற்கு முன்னால் போய்த் தளத்தைப் பெருக்க வேண்டும். வேப்பஞ்சருகும் பொடிக்கல்லும் கிடந்தால் கால் வழுக்கும். பந்துகளுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். மண்பானையில் தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டும். பிறகு வளையத்துக்குக் கீழே நின்று, அவர்கள் எறிகிற பந்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தர வேண்டும். நான் எறியக் கூடாது. எனக்கு ஷூ கிடையாது. சிமெண்டுச் சூட்டில் உள்ளங்கால் கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது.

அணியின் தலைவன் ஜாபர். திருக்கோவிலூரில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. ஏழாம் நம்பர். நல்ல ஆட்டக்காரன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"இன்னாடா எக்ஸ்ட்ரா, பந்துக்கு அடிக்கிற காத்தத்தான் நீயும் நாஷ்டாவுக்கு சாப்புடுறியா? இவ்ளோ ஒல்லியா கீற!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

விடுமுறையில் ஊருக்குப் போனால் அம்மா காலைப் பிடித்துப் பார்ப்பாள். அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாதான் எல்லாம்.

"எவனோ போட்ட பந்த ஓடி ஓடிப் பொறுக்கிக் குடுக்கத்தான் காலேஜுக்குப் போனியா கண்ணு? அதுக்கு நம்ம ஆட்ட மேய்க்கலாமே. அதே ஓட்டந்தான்."

என் ட்ரங்குப் பெட்டி மூடியில் நம் அம்மன் படத்தை ஒட்டியிருந்தேன். தினமும் பெட்டியைத் திறக்கும்போது ஒரே வேண்டுதல்தான். தாயே, எனக்கு ஒரு நம்பர் கொடு. ஒரே ஒரு நாள் முதுகில் நம்பர் போட்ட சட்டையோடு அந்தத் தளத்தில் நிற்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இதையே கேட்டேன். அம்மன் அதைக் கடைசிவரை தரவே இல்லை. சாட்சி சொல்ல வந்த இடத்தில் இதை மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்பர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் கூடைப்பந்துச் சட்டையில் நான்கிலிருந்து பதினைந்து வரைதான் எண் இருக்கும். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு எண். வெளியூர் போனால் பி.டி. சார் வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் விசில் ஊதுவார். நான்காம் நம்பர்காரன் "நாலு" என்று கத்துவான். அடுத்தவன் "அஞ்சு". இப்படியே போய், "பதினஞ்சு" என்று கேட்டதும் சார் வண்டிக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவார். வண்டி கிளம்பிவிடும். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. எனக்கு எண் இல்லை. அதனால் எந்த எண்ணிக்கையிலும் நான் வரமாட்டேன். பந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக நானாக ஏறிக்கொள்வேன்.

வலையில் ஆறு பந்து இருக்கும். அதைத் தூக்கத்தான் என்னைக் கூட்டிப்போவார்கள். ஒவ்வொரு பயணத்திலும் சார் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வார்:

"உசுரே போனாலும் பந்த வுடாத. உசுரு உன்னுது, பந்து காலேஜுது."

எண்பத்தேழாம் வருடம். ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்த நேரம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊர் ஊராகப் பேச்சாக இருந்தது. பெரியவர்களுக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருக்கும். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பாலங்களைத் தோண்டினார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, சில ஊர்களில் கரண்டும் இல்லை. அந்த வாரத்தில் வீடு திரும்பாதவர்களும் உண்டு.

மறியல் தொடங்கும் அன்றைக்கே எங்களுக்குத் திருக்கோவிலூரில் ஆட்டம். விடிந்ததும் போய், ஆடிவிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சார் கணக்குப் போட்டார். ஆட்டம் முடியத் தாமதமாகிவிட்டது. ஜெயித்தோம். வேனில் ஒரே பாட்டும் கூத்தும். தியாகதுருகத்துக்கு முன்னால் வண்டி நின்றதும் பாட்டு நின்றது. ரோட்டின் குறுக்கே மரம் கிடந்தது. வேன் ஓட்டிய மாணிக்கம் அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், இதோட நாலு மரம் வரிசையா கெடக்குது. மண் ரோட்டுல பூந்து போய்ப் பாக்கலாம்."

மண் பாதையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் ஆள் மறையும் அளவு கரும்பு. சிறிது தூரம் போனதும் பின்னால் பெரிய கூச்சல் கேட்டது. ரோட்டுப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு போலீஸ். கல் பறந்தது. வேனின் பின் கண்ணாடி நொறுங்கியது. வெடி போட்டது போல ஒரு சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எறங்கி கரும்புக் கொல்லைக்குள்ள ஓடுங்கடா!" என்று சார் கத்தினார்.

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், பந்து வலையோடு. உயிருக்கு ஓடுகிறவன் யாராவது ஆறு பந்தைச் சுமந்துகொண்டு ஓடுவானா? நான் ஓடினேன். அதைக் கீழே போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தது. வலை கரும்பில் மாட்டி மாட்டி இழுத்தது. அதனால் எல்லோருக்கும் பின்தங்கிவிட்டேன். வலையை முன்னால் கொண்டுவந்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். அதனால் தரை தெரியவில்லை. கரும்பு முடிந்து வெளிச்சம் வந்தது. அடுத்த அடி வைக்க மண் இல்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுச்சுவர் இருக்காது. கொல்லை நடுவில் சதுரமாகப் பாறையை வெட்டி விட்டிருப்பார்கள். விழும்போது கால் ஏதோ பாறையில் மோதியது. மரக்கிளை ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்.

எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு நீந்த முடியவில்லை. வலி வந்ததும் கை தானாக நின்றுவிடும். மூழ்கினேன். ஆனால் என் கை வலையை விடவில்லை. ஆறு பந்தும் மேலே வந்தன, என்னையும் மேலே கொண்டுவந்தன. வலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மிதந்து ஒரு மூலைக்குப் போனேன். அங்கே தண்ணீருக்குள் ஒரு பாறைத் திட்டு தட்டுப்பட்டது. அதன்மேல் வலது காலை ஊன்றி, முதுகைச் சுவரில் சாய்த்து நின்றேன். இடுப்பளவு தண்ணீர்.

அப்போதுதான் விசில் கேட்டது.

தூரத்தில்தான். ஆனால் தெளிவாகக் கேட்டது. சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. சார் ஆட்களைத் திரட்டுகிறார். நாலு என்றான் ஒருவன். அஞ்சு. ஆறு. ஜாபர் குரல், ஏழு. நான் "சார், சார்" என்று கத்துகிறேன். கிணறு என் குரலை எனக்கே திருப்பித் தருகிறது. பன்னிரண்டு. பதிமூன்று. இதோ தெரிந்துவிடும், ஓர் ஆள் குறைகிறான் என்று தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். பதினாலு. பதினஞ்சு.

எண்ணிக்கை சரியாக இருந்தது. யாரும் குறையவில்லை.

வேன் உறுமுவது கேட்டது. பிறகு அதுவும் தேய்ந்து போனது.

சகோதரிகளே, சகோதரர்களே, எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ கஷ்டம் வந்திருக்கிறது. அந்த "பதினஞ்சு" கேட்ட நேரம் போல ஒன்று வந்ததில்லை.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. கரண்டு இல்லாததால் மோட்டார் போட யாரும் வரமாட்டார்கள். வெளியே தலைகாட்டினால் பிடித்துப்போவார்கள் என்று பயந்து ஆண்கள் எல்லோரும் ஒளிந்திருந்த நேரம் அது. கிழக்குச் சுவரில் விழுந்த வெயில் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது விளிம்பைத் தொட்டால் பொழுது போய்விடும். வலது கால் நடுங்க ஆரம்பித்தது. அது மடிந்தால் முடிந்தது.

அம்மனைக் கூப்பிட்டேன். மந்திரம் எதுவும் தெரியாது. பொங்கல் வைக்கிறேன், ஆடு வெட்டுகிறேன் என்று சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை. "தாயே, என்னை யாருமே எண்ணவில்லை. நீயாவது என்னை எண்ணு" என்றேன். அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நம்பர் கேட்ட வாய் நம்பரை மறந்துவிட்டது.

வானம் பிளக்கவில்லை. குரல் கேட்கவில்லை. ஆனால் மனம் நின்றது. அதுவரை குதித்துக்கொண்டிருந்த மனம் ஓர் இடத்தில் நின்றது. நின்றதும் கையில் இருப்பது கண்ணில் பட்டது. பந்து.

வலையின் வாயை அவிழ்த்தேன். ஒரு பந்தை எடுத்தேன். வளையத்துக்குக் கீழே நின்று மேலே பார்ப்பதுதானே ஒரு வருடமாக என் வேலை? பந்து மேலே போவதை என்னளவு கீழிருந்து பார்த்தவன் அந்த அணியிலேயே இல்லை. இரண்டு கையாலும் எறிந்தேன். பாதிச் சுவரில் பட்டுத் திரும்பித் தண்ணீரில் விழுந்து எதிர்ப்பக்கம் மிதந்து போனது. இனி அதை எடுக்க முடியாது. இரண்டாவது இன்னும் கொஞ்சம் மேலே போய் விழுந்தது. மூன்றாவது எறியும்போது ஊன்றிய கால் வழுக்கி, முறிந்த கால் பாறையில் இடித்தது. கண் இருட்டிவிட்டது. நான்காவது விளிம்பில் பட்டு, உள்பக்கமே திரும்பியது. அது விழுந்த சத்தம் என் நெஞ்சில் விழுந்தது.

இரண்டு பந்து மிச்சம். கால் மடிந்தால் மிதப்பதற்கு அவைதான் துணை. எறிந்தால் அதுவும் இல்லை. ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இன்னொன்றைக் கையில் எடுத்தேன். "எண்ணு தாயே" என்று சொல்லி எறிந்தேன்.

அது விளிம்பைத் தாண்டி மறைந்தது. மேலே தரையில் ஒரு முறை தட்டியது. இரண்டாம் முறை தட்டியது. பிறகு சத்தம் இல்லை.

அவ்வளவுதான். பந்து வெளியே போய்விட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெரியாது. வெயில் சுவரின் கடைசி முழத்தில் இருந்தது. ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பெயரில்லாமல், நம்பரில்லாமல் நின்றேன்.

பிறகு ஒரு குரல் கேட்டது.

"மாணிக்கண்ணே! பந்து கெடச்சிடுச்சுண்ணே! இதோ வரப்புல கெடக்குது!"

ஜாபர்.

எனக்குக் குரல் வரவில்லை. கையால் தண்ணீரை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். விளிம்பில் ஒரு தலை தெரிந்தது.

"யா அல்லா! டேய்... டேய் ஏழுமல! அண்ணே, ஓடியாங்க, பையன் கெணத்துல கீறான்!"

மாணிக்கம் அண்ணன் வந்தார். வேன் கூரையில் சாமான் கட்டும் கயிற்றை எடுத்துவர ஓடினார். அவர் திரும்பும்போது அவர் பின்னாலேயே இரண்டு பேர் வந்தார்கள். கையில் கோடாலி. மரம் வெட்டியவர்கள். ஜாபர் அவர்களைப் பார்த்து வெலவெலத்துப் போனதாகப் பிறகு சொன்னான். கிணற்றுக்குள்ளிருந்து எனக்குப் பேச்சுத்தான் கேட்டது.

"யாருடா நீங்க? இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"காலேஜு பசங்கண்ணே. எங்காளு உள்ள உழுந்துட்டான். காலு ஒடஞ்சி கெடக்கறான்."

கோடாலி மண்ணில் விழும் சத்தம் கேட்டது.

"கயித்த இப்பிடிக் குடு தம்பி. நீ எறங்கு. ஒனக்குத்தான் ஒடம்பு லேசு. இடுப்புல கட்டு, கக்கத்துல சுத்து. தெரியுதா? டேய் நாராயணா, கால அந்தக் கல்லுல ஒதச்சி நில்லு, வழுக்கிக்கினு நீயும் போய்ச் சேந்துறாத!"

ஜாபர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தண்ணீரில் நின்று என் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். என்னைச் சுற்றி நான்கு பந்து மிதந்துகொண்டிருந்தது. என் கையில் ஒன்று. நான் அதை அவனிடம் நீட்டினேன்.

"ஜாபர், பந்து..."

"பந்து கெடக்குது வுடுடா!" என்றான். அதை என் கையிலிருந்து தட்டிவிட்டான். "மேல தூக்குங்கண்ணே!"

பந்தைத் தேடி வந்தவன் பந்துகளைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். வரப்பில் கிடந்ததையும் அவன் எடுக்கவில்லை.

கோடாலிக்காரர்கள் இருவரும் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் காலனியில் ஒருவருடைய வீட்டில் என்னைக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு இல்லை. மறுநாள் விடிந்ததும் மாட்டு வண்டியில், கொல்லைகளுக்குள்ளாகவே ஓட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம். வெட்டிப் போட்ட மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தோம். வண்டிக்கு முன்னால் நடந்து வழி காட்டியவர் அந்த மரங்களை வெட்டியவரேதான். நான் இன்றுவரை அவருடைய முழுப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அம்மாவுக்குச் சேதி போக நாளாயிற்று. அடிவாரத்திலிருந்து நடந்தே வந்தாள். வந்ததும் என் தலை, கை, மார்பு எல்லாம் தடவிப் பார்த்தாள். ஜாபர் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தான்.

"நீதான் எம் புள்ளய தேடிக்கினு போனியாப்பா?"

ஜாபர் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான்:

"பொய் சொல்ல மாட்டேம்மா. வேன்ல தள்ளி ஒரு மாந்தோப்பு வரைக்கும் போய்ட்டோம். 'பந்து எங்கடா'ன்னு சார் கேட்டாரு. 'எக்ஸ்ட்ரா கிட்ட'ன்னேன். 'எக்ஸ்ட்ரா எங்கடா'ன்னாரு. அப்பதான் எல்லாரும் மூஞ்சப் பாத்துக்கினோம். பந்தத் தேடத்தாம்மா என்னயும் மாணிக்கண்ணனயும் வேன்ல திருப்பி அனுப்புனாரு."

எனக்கு அது தெரிந்ததுதான். ஆனாலும் வாயால் கேட்டபோது கால் வலியைவிட அது வலித்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அம்மா ஜாபரின் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"எதத் தேடிக்கினு போனா இன்னாப்பா. எம் புள்ளயத்தான தூக்கிக்கினு வந்த."

பந்துகளை விட்டுவிட்டு வந்ததற்காகச் சார் அவனைக் கொஞ்ச நாள் தளத்தில் இறங்க விடவில்லை என்று கேள்விப்பட்டேன். சார் என்னைப் பார்க்க வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. ஜாபர் மட்டும் வந்தான். அவன் அம்மா கொடுத்த ரொட்டியும் கறியும் கொண்டுவருவான். பக்கத்துக் கட்டில்காரர்களோடு சேர்த்து என்னையும் சிரிக்க வைப்பான். இன்றும் திருக்கோவிலூர் போனால் அவன் கடையில்தான் எனக்குச் சாப்பாடு.

கால் சரியாகக் கூடவில்லை. கரியாலூரிலிருந்து எலும்பு கட்டுகிற ஒருவரை அம்மா கூட்டிவந்தாள். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய பிறகுதான் ஊன்றி நடக்கவே முடிந்தது. ஆனாலும் இடது கால் குட்டையாகிவிட்டது. அந்த வருடம் கல்லூரிக்குத் திரும்ப முடியவில்லை. அடுத்த வருடம் அம்மாவால் தனியாகக் கொல்லையைப் பார்க்க முடியவில்லை. படிப்பு அதோடு போனது.

பல வருடம் எனக்கு அம்மன்மேல் கோபம் இருந்தது. காப்பாற்றியவள் ஏன் விழ விட்டாள்? கால் முறியாமல் காப்பாற்றக் கூடாதா? எனக்காக வருகிறவன் என்னைத் தேடி வரக் கூடாதா? அந்த வாரத்தில் அதே ரோட்டில் செத்துப்போனவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். அந்த அம்மாவும் கும்பிட்டிருப்பாள். இதற்கெல்லாம் பதில் தெரிந்தவன் போல நான் உங்களிடம் பேச மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னை எண்ணு என்று கேட்டேன். யார் மனத்திலும் நான் இல்லாத நேரத்தில், பந்து எங்கே என்ற ஒரு கேள்வியை ஒருவர் வாயில் அவள் வைத்தாள். கோடாலி பிடித்த கையில் கயிற்றை வைத்தாள். நம் சாமியைக் கும்பிடாத ஒருவனைக் கிணற்றில் இறக்கினாள். வேறு ஆள் அவளுக்குக் கிடைக்கவில்லை போலும். கிடைத்தவர்களை வைத்து வேலையை முடித்தாள்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மாறினேன். கூச்சம் போகவில்லை, அது போகாது. ஆனால் ஆடியில் நம் கோயிலில் கூழ் வார்த்து முடிந்ததும், "எல்லாரும் குடிச்சாச்சா" என்று மைக்கில் கேட்பார்கள். "ஆச்சு" என்று கூட்டம் கத்தும். நான் அப்போது எழுந்து கோயிலுக்குப் பின்னால் போவேன். ஜெனரேட்டர் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அண்டா கழுவுகிற பெண்கள் இருப்பார்கள். தாரை தப்பட்டைக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள். கேட்டால் இன்னும் குடித்திருக்க மாட்டார்கள். ஒரு வருடம்கூட யாரும் மிச்சமில்லாமல் இருந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்களும் ஒரு தடவை பின்பக்கம் வந்து பாருங்கள்.

என்னைப் போல எங்கேயோ ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் இதைப் படிக்கிறீர்களா? வேலை செய்கிற இடத்தில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாதா? வீட்டில் உங்களைக் கேட்டு ஒன்றும் நடப்பதில்லையா? அம்மனைக் கூப்பிடுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே கிடைக்கவில்லை. ஆனால் கூப்பிட்ட குரல் வீணாகாது. உதவி வரும்போது யார் கையில் வருகிறது, எதற்காக வருகிறது என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.

வருகிற தீமிதியில் நானும் காப்புக் கட்டுகிறேன். புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குழியில் எல்லோரும் ஓட்டமாக ஓடிக் கடந்துவிடுவார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் ஓட முடியாது. நடந்துதான் போவேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் இடம் விட்டு வாருங்கள். அவசரப்படுத்தாதீர்கள். இத்தனை வருடமாக அவள் நெருப்பில் மெதுவாகத்தான் நடக்கிறேன். இதுவரை கால் சுட்டதில்லை.